பெயின்ட் வாங்கும் முன் பல்பைப் பாருங்கள்

திருப்பூரில் மெர்ச்சண்டைசராக நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம். டையிங்கிலிருந்து லேப் டிப், அதாவது சாயச் சாம்பிள், இரவு எட்டரை மணிக்கு வந்து சேர்ந்தது. உள்ளங்கை அகலத்தில் மூன்று துண்டுத் துணி. அட்டையில் ஸ்டேப்ளர் அடித்து ஏ, பி, சி என்று எழுதியிருந்தார்கள். பையர் கேட்டிருந்தது வெளிர் ஆலிவ். நிறத்தைச் சரிபார்க்கும் லைட் பாக்ஸ் இருந்த அறையைப் பூட்டிச் சாவியோடு ஆள் வீட்டுக்குப் போய்விட்டார். என் மேசைக்கு மேலிருந்த டியூப் லைட்டில் ‘பி’ அச்சு அசலாகப் பொருந்தியது. கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன். மறுநாள் காலை ஜன்னல் ஓரம் வைத்துப் பார்த்தால் அதே துண்டில் லேசாகச் செம்மை தட்டியது. அதற்குள் 400 கிலோ துணி மெஷினில் ஏறியிருந்தது.

டையிங் மாஸ்டர் என்னைத் திட்டவில்லை. “கலரு பாதி துணியில, பாதி வெளிச்சத்துல இருக்குது கண்ணு” என்றார். பட்டுச்சேலை எடுக்கப் போகும் நம் அம்மாக்களுக்கு இது தெரியும். கடைக்குள் எத்தனை விளக்கு எரிந்தாலும், அரக்கா குங்குமச் சிவப்பா என்று தீர்மானிக்கச் சேலையை வாசலுக்குக் கொண்டுபோய் விரித்துப் பார்த்த பிறகே பில் போடச் சொல்வார்கள்.

இன்றைக்கு என்னிடம் பலர் ஒரு கேள்வியோடு வருகிறார்கள். “வீட்டிலேயே ஆபீஸ் ரூம் போடறேன், எந்தக் கலர் அடிச்சா சுறுசுறுப்பா இருக்கும்?” நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: “இப்ப என்ன பல்பு போட்டிருக்கீங்க?”

மஞ்சள் என்றால் மகிழ்ச்சி, நீலம் என்றால் அமைதி, சிவப்பு என்றால் ஆவேசம் என்று ஒரு பட்டியல் எல்லோர் கையிலும் சுற்றுகிறது. அதை நம்பிப் பணம் செலவழிக்காதீர்கள். 1979-ல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் கடற்படைச் சிறை ஒன்றின் அறைக்கு ரோஸ் பெயின்ட் அடித்தார்கள். உள்ளே அடைத்தவர்களின் முரட்டுத்தனம் அடங்கிவிடுகிறது என்று செய்தி பரவியது. அங்கிருந்த இரண்டு அதிகாரிகளின் பெயரைச் சேர்த்து அந்த நிறத்துக்கு பேக்கர்-மில்லர் பிங்க் என்று பெயரும் வைத்தார்கள். வேறு சிறைகளும் அதையே பின்பற்றின. பிற்பாடு ஒழுங்கான கட்டுப்பாடுகளோடு செய்த சோதனைகளில், 2015-ல் வெளியான சுவிட்சர்லாந்துச் சிறை ஆய்விலும், அப்படி எந்த விளைவும் தெரியவில்லை. 2009-ல் ‘சயின்ஸ்’ இதழில் வந்த ஒரு கட்டுரை, நுணுக்கமான வேலைக்குச் சிவப்புப் பின்னணி, கற்பனை வேலைக்கு நீலம் என்றது. அதிலிருந்த ஒரு சோதனையை மறுபடி செய்து பார்த்தவர்கள் 2014-ல் முடிவை வெளியிட்டார்கள். அவர்களுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை.

நிறத்துக்கு நாம் கொடுக்கும் அர்த்தத்தில் பெரும்பகுதி பழக்கத்தில் வந்தது. ஐரோப்பாவில் மணப்பெண் உடுத்தும் வெள்ளை, நம் ஊரில் நெடுங்காலம் கைம்பெண்ணின் நிறம். அதே வெள்ளைதான் வேட்டி சட்டையில் மரியாதை. கல்யாண வீட்டில் ஆகாத கறுப்பு, சபரிமலைக்கு மாலை போட்டவருக்கு விரத நிறம். உங்கள் பாட்டி வீட்டுத் திண்ணையின் காவி உங்களுக்குத் தரும் நிம்மதியை எந்தப் பட்டியலும் சொல்லாது.

அப்படியானால் நிறம் மனதைத் தொடுவதே இல்லையா? தொடுகிறது. எந்த நிறம் என்பதைவிட, அது எவ்வளவு வெளிச்சமாக, எவ்வளவு அடர்த்தியாக இருக்கிறது என்பதுதான் உணர்ச்சியை அதிகம் அசைக்கிறது என்று வால்டெஸ், மெஹ்ராபியன் என்ற இருவரின் 1994 ஆய்வு காட்டியது. எனக்கு அதைவிடப் பயன்பட்டது 2006-ல் வெளியான இன்னொன்று. அர்ஜென்டினா, சவுதி அரேபியா, சுவீடன், பிரிட்டன் நாடுகளில் வேலையிடங்களில் இருந்த 988 பேரிடம் செய்தது. இடம் ரொம்ப இருட்டு என்று உணர்ந்தவர்களின் மனநிலை மிகவும் தாழ்ந்திருந்தது. ‘சரியாக இருக்கிறது’ என்றவர்களிடம் அது உச்சத்தில் இருந்தது. கண் கூசுகிறது என்றவர்களிடம் மறுபடி இறங்கியது. கருவி வைத்து அளந்த ஒளியின் எண்ணுக்கும் மனநிலைக்கும் தொடர்பு தெரியவில்லை. உட்கார்ந்திருப்பவருக்கு எப்படித் தோன்றியது என்பதுதான் கணக்கு. டீம் லீடராக இருப்பவர்கள் இதை மனதில் வையுங்கள். ஏ.சி. குளிரைப் பற்றிக் கேட்கிற மாதிரி, “வெளிச்சம் போதுமா, கண்ணைக் குத்துதா?” என்றும் ஒவ்வொரு மேசையிலும் கேளுங்கள். பில்லர் மறைவில் உட்கார்ந்திருக்கும் பெண் தானாக வந்து சொல்ல மாட்டார்.

பல்பின் அட்டைப்பெட்டி

எல்.இ.டி. பல்பின் பெட்டியில் வாட்ஸுக்குப் பக்கத்தில் கெல்வின் என்று ஓர் எண் இருக்கும். 2700 அல்லது 3000 என்றால் பழைய குண்டு பல்பின் மஞ்சள் ஒளி. 4000 நடுநிலை வெள்ளை. 6500 நீலம் கலந்த வெள்ளை. நம் வீடுகளில் பெரும்பாலும் எல்லா அறையிலும் இந்த 6500-தான் எரிகிறது, படுக்கையறை உட்பட. அது வீணான சங்கடம்.

காரணம் கண்ணுக்குள் இருக்கிறது. பார்ப்பதற்கான செல்கள் தவிர, வெளிச்சத்தை மட்டும் உணர்ந்து மூளையின் நேரக் கடிகாரத்துக்குச் செய்தி அனுப்பும் செல்களும் விழித்திரையில் உண்டு. டேவிட் பெர்சன் குழுவினர் 2002-ல் அவற்றைக் காட்டினார்கள். அவை நீல ஒளிக்கு அதிகமாக அசைகின்றன. நீலம் மிகுந்த பிரகாசமான ஒளி பட்டால் ‘இன்னும் பகல்’ என்று உடம்பு எடுத்துக்கொண்டு, தூக்கத்துக்கான மெலட்டோனினைத் தள்ளிப்போடுகிறது.

எனவே பகலில் வேலை செய்யும் மேசைக்கு 4000 முதல் 6500 வரை வைத்துக்கொள்ளுங்கள். இரவு உணவுக்குப் பிறகு புழங்கும் இடத்துக்கு 3000-ஐத் தாண்டாதீர்கள். மொபைலைச் செம்மஞ்சளாக்கும் இரவு செட்டிங் மட்டும் போதாது, பிரகாசத்தையும் குறையுங்கள். துணி, ஓவியம், அச்சு, மேக்கப் என்று நிறத்தோடு வேலை செய்பவர்கள் பெட்டியில் சி.ஆர்.ஐ. எண்ணையும் பாருங்கள். 90-க்கு மேல் இருந்தால் நிறம் உண்மைக்கு அருகில் தெரியும்.

மதியம் மூன்று மணிச் சோர்வுக்கு ஆரஞ்சு நிறச் சுவர் தேவையில்லை. ஆபீஸ் மேசையில் 300, 500 லக்ஸ் ஒளி இருந்தாலே அதிகம். மேகம் மூடிய நாளில்கூட வெளியே ஆயிரக்கணக்கில் இருக்கும். டீயை மேசைக்கு வரவழைக்காமல் பேக்கரி வரை நடந்துபோய்க் குடியுங்கள். ஜன்னல் பக்கத்து இடம் காலியானால் கூச்சப்படாமல் கேட்டு வாங்குங்கள். சம்பள உயர்வுக்கு அடுத்தபடி நான் போராடிப் பெற்றது அதைத்தான்.

நைட் ஷிஃப்ட் பார்ப்பவர்களுக்கு: ஷிஃப்டின் முதல் பாதியில் நல்ல வெளிச்சத்தில் இருங்கள், கடைசி இரண்டு மணி நேரம் முடிந்தவரை குறையுங்கள். காலையில் கம்பெனி வேனில் வீடு திரும்பினால் கூலிங் கிளாஸ் போட்டுக்கொள்ளலாம். பைக் ஓட்டி வருபவர் போடக் கூடாது, தூக்கக் கலக்கத்தோடு அது ஆபத்து. படுக்கும் அறைக்கு அடர் நிறத் திரை கட்டாயம்.

இனி சுவர்

எல்லாவற்றையும் தூய வெள்ளையாக்குவது பாதுகாப்பு என்று நினைக்கிறோம். டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் நான்சி குவாலக் குழுவினர் ஒன்பது நிற அறைகளில் மாணவர்களைப் பிழை திருத்தவைத்து 1996-ல் வெளியிட்ட ஆய்வில், சிவப்பு, நீல அறைகளைவிட வெள்ளை அறையில்தான் பிழைகள் கூடின. இதற்காகச் சிவப்பு அடிக்க வேண்டாம். சீலிங் வெள்ளையாக இருக்கட்டும், அது ஒளியைப் பரப்பும். மானிட்டருக்குப் பின்னால் உள்ள சுவர் மட்டும் மங்கலான பாசிப்பச்சையோ, சந்தனமோ, சாம்பல் கலந்த நீலமோ ஆகட்டும். திரைக்கும் சுவருக்கும் வெளிச்ச வித்தியாசம் குறைந்தால் மாலையில் கண் எரிவது குறையும். பளபளப்பில்லாத பெயின்டாகப் பாருங்கள். பிடித்த அடர் நிறத்தைப் பென் ஸ்டாண்டிலும் குஷனிலும் வையுங்கள். சலித்தால் மாற்றுவது சுலபம்.

ஆபரேஷன் தியேட்டர் பச்சைக்குப் பின்னாலும் கண்தான் இருக்கிறது. 1914-ல் சான்பிரான்சிஸ்கோவில் ஹாரி ஷெர்மன் என்ற அறுவை மருத்துவர், வெள்ளைச் சுவரின் கூச்சம் தாங்காமல் தன் அறையைப் பசலைக்கீரைப் பச்சையாக்கினார். ரத்தத்தின் சிவப்பையே நெடுநேரம் பார்த்த கண், வெள்ளையைப் பார்க்கும்போது பச்சை நிழல் ஒன்றைக் காணும். சுற்றிலும் பச்சையாக இருந்தால் அந்த நிழல் அதில் கரைந்துவிடும். எங்கள் செக்கிங் டேபிளிலும் இதே கதை. சிவப்பு லாட்டை ஒரு மணி நேரம் பார்த்த பெண்ணிடம் உடனே வெளிர் நிறத்தைக் கொடுத்தால் ஷேட் தப்பாகத் தெரியும். கலர் பார்க்கும் அறைக்குச் சாம்பல் நிறம் அடிப்பதும், நடுவில் இரண்டு நிமிடம் அந்தச் சாம்பலையே பார்க்கச் சொல்வதும் இதனால்தான். எக்ஸெல் ஷீட்டைச் சிவப்பும் மஞ்சளுமாக நிரப்பி வைத்திருப்பவர்களுக்கும் அதே யோசனை: ஒரு பக்கத்துக்கு ஒரு அழுத்தமான நிறம், மற்றதெல்லாம் சாம்பல்.

அந்த ஷீட்டில் வேறொரு சிக்கலும் இருக்கிறது. ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் சுமார் 8 சதவீதத்தினருக்குச் சிவப்பு, பச்சை வேறுபாடு சரியாகத் தெரியாது. நம்மிடையே விகிதம் குறைவு என்றாலும் பெரிய டீம் ஒன்றில் ஒருவராவது இருப்பார், பெரும்பாலும் சொல்லாமல் இருப்பார். பச்சைக் கட்டத்துக்குள் ‘முடிந்தது’ என்றும் சிவப்புக்குள் ‘தாமதம்’ என்றும் எழுதிவிடுங்கள், அவர் யாரிடமும் கேட்க வேண்டியிருக்காது. ரயில் ஓட்டுநர், விமானி, கடற்படை வேலைகளுக்குத் தயாராகிற பிள்ளைகள் முதலில் கண் மருத்துவரிடம் போய் இஷிஹாரா சோதனை செய்துகொள்ளட்டும். ஜப்பானியர் ஷினோபு இஷிஹாரா 1917-ல் வெளியிட்ட புள்ளி வட்டங்கள்தான் இன்றும் புழக்கத்தில் உள்ளன. சில நிமிட வேலை. எழுத்துத் தேர்வில் தேறி, மெடிக்கலில் இதற்காகத் திரும்பி வந்த பையனின் முகத்தை நான் பார்த்திருக்கிறேன். தேர்வுக்குத் தயாரானதில் போன இரண்டு வருடத்தை அவனுக்கு யாரும் மிச்சப்படுத்தித் தரவில்லை.

வீடியோ இன்டர்வியூவுக்குப் பளீர் வெள்ளைச் சட்டை வேண்டாம், கேமரா தன்னை அடக்கிக்கொண்டு முகத்தைக் கறுப்பாக்கும். நெருக்கமான கோடும் கட்டமும் திரையில் நெளியும். நடுத்தர நீலமோ பச்சையோ போதும். ஜன்னலுக்கு முகம் காட்டி உட்காருங்கள்.

இவ்வளவும் ஆன பிறகும் பெயின்ட் அடிக்கத் தோன்றினால், இரண்டடிக்கு இரண்டடி அட்டையில் சாம்பிளை இரண்டு கோட் அடியுங்கள். மானிட்டருக்குப் பின்னால் சாய்த்து வைத்து, காலை எட்டு மணிக்கும் மாலை நாலுக்கும், இரவு பல்பு போட்டும் பாருங்கள். மூன்று வேளையும் கண் அதில் சிக்காமல் வேலைக்குத் திரும்பினால் டப்பாவுக்கு ஆர்டர் கொடுக்கலாம்.