எத்தனை இழை?

தீபாவளி நெருங்கினால் மலேசியப் பேரங்காடிகளின் நுழைவாயில்களில் வண்ண அரிசிக் கோலங்கள் விரிகின்றன. மயிலும் குத்துவிளக்கும் கண்ணைக் கவர்கின்றன. ஆயினும், கணிதத்தைத் தேடுபவர் பார்க்க வேண்டியது வெள்ளை மாவால் போடப்படும் சிக்குக் கோலத்தைத்தான்.

சிக்குக் கோலத்தில் இழை புள்ளியைத் தொடுவதில்லை. புள்ளிகளுக்கு இடையே சாய்வாக ஓடி, ஓரத்தை அடைந்ததும் வளைந்து திரும்பி, தொடங்கிய இடத்திற்கே வந்து சேர்கிறது. ஒரே இழையில் முடியும் கோலத்திற்குத் தனி மதிப்பு உண்டு. ஆனால், எல்லாப் புள்ளி அமைப்பும் அதற்கு இடம் கொடுப்பதில்லை.

தாளில் வரைந்து பார்த்தால் இது விளங்கும். 2 வரிசைகளில் மும்மூன்று புள்ளிகள் வைத்தால் ஒரே இழை எல்லாவற்றையும் சுற்றி முடிக்கிறது. 3 வரிசைகளில் மும்மூன்று வைத்தால் அந்த இழை பாதியிலேயே தொடங்கிய இடத்திற்குத் திரும்பிவிடுகிறது. மேலும் 2 இழைகள் தேவைப்படுகின்றன. 4 வரிசைகளில் அவ்வாறு புள்ளிகள் என்றால் 2 இழைகள். இழை ஓரத்தில் மட்டுமே திரும்பும் செவ்வகக் கோலம் எதுவானாலும், இழைகளின் எண்ணிக்கை அவ்விரு எண்களின் மீப்பெரு பொதுக் காரணியே!

காரணம் எளிது. இழை மேலும் கீழும் போகும்போதே இடமும் வலமும் போகிறது. இரு அசைவுகளும் ஒருசேரத் தொடக்கத்திற்குத் திரும்பினால்தான் இழை மூடும். 4, 6 ஆகியவற்றின் மீச்சிறு பொது மடங்கு 12. ஆகவே, ஓர் இழை 12 புள்ளிகளைச் சுற்றும் அளவு நீளமே ஓடுகிறது. மொத்தப் புள்ளிகளோ 24.

1970களில் சென்னைக் கிறித்தவக் கல்லூரிப் பேராசிரியர் கிஃப்ட் சிரோமணியும் அவருடன் ஆய்வு செய்தவர்களும் கோலங்களைக் கணினி அறிவியலின் இலக்கண விதிகளால் விவரித்தனர். அங்கோலா நாட்டின் சோக்வே மக்களும் மணலில் புள்ளி வைத்து, கதை சொல்லியபடியே 'சோனா' என்னும் இழை ஓவியங்களை வரைந்தனர். அவற்றை ஆராய்ந்த கணிதவியலாளர் பாலஸ் கெர்டஸ் இதே மீப்பெரு பொதுக் காரணியை அங்கும் கண்டார். இரு மக்களும் கண்டம் விட்டுக் கண்டம் பேசிக்கொண்டவர்கள் அல்லர்.

இன்று பல வீட்டு வாசல்களில் கடையில் வாங்கிய ஒட்டுக் கோலமே இருக்கிறது. அதில் இழை தவறுவதில்லை. தவறினால்தானே ஏன் என்ற கேள்வி எழும்? 5 வரிசைகளில் ஐந்தைந்து புள்ளிகள் வைத்து, 5 இழைகளில் சிக்கிக்கொண்டவருக்கு ஒரு வழி உண்டு. ஒவ்வொரு வரிசையிலும் ஒரு புள்ளியைக் கூட்டிவிட்டு, மீண்டும் தொடங்கலாம்.