பாட்டுக்குக் காசு கொடுத்தது யார்?

சந்தையில் லேகியம் விற்பவரைப் பார்த்திருப்பீர்கள். கூடையில் பாம்பு இருக்கும். பக்கத்தில் கீரியைக் கட்டி வைத்திருப்பார். "இதோ, சண்டை விடப் போகிறேன்" என்பார். கூட்டம் கூடும். அவர் பேசிக்கொண்டே இருப்பார். சண்டை மட்டும் நடக்காது. கடைசியில் லேகிய டப்பா வெளியே வரும்.

வேடிக்கை காட்டிப் பொருளை விற்பது புதிது அல்ல. ஆனால் சந்தையில் விற்பவர் நம் எதிரிலேயே நிற்கிறார். இது வியாபாரம் என்று சிறுபிள்ளைக்கும் தெரியும். வேண்டாம் என்றால் நடையைக் கட்டலாம்.

வானொலியில் விவித பாரதி 1957-ல் தொடங்கியது. முதல் பத்து ஆண்டுகள் அதில் விளம்பரம் இல்லை. 1967-ல்தான் வந்தது. தூர்தர்ஷனில் 1976-ல் வந்தது. 1984-ல் 'ஹம் லோக்' என்ற இந்தித் தொடர் வந்தது. நாடே உட்கார்ந்து பார்த்தது. அந்தத் தொடருக்கு ஆதரவு தந்தது மேகி நூடுல்ஸ். அப்போது அது மக்களுக்குப் புதுப் பண்டம். கதையோடு கதையாக வீட்டுக்குள் நுழைந்தது.

கலைக்குப் பணம் கொடுப்பது தவறா? இல்லை. அன்னமய்யாவின் கீர்த்தனைகளைச் செப்பேடுகளில் பொறித்து வைத்தார்கள். அந்தச் செம்புக்கும், பொறித்த கைக்கும் யாரோ பணம் கொடுத்திருப்பார்கள் அல்லவா? சென்னையில் மார்கழிக் கச்சேரி மேடையில் பட்டுக்கடை, வங்கி ஆகியவற்றின் பெயர்களைப் பார்க்கிறோம். பாடகருக்குப் பின்னால் துணியில் எழுதியிருக்கும். அதில் ஒளிவு மறைவு இல்லை. பாட்டுக்குள்ளே பட்டுக்கடை வரவில்லை.

இப்போது உள்ளேயே வந்துவிட்டது. 2008-ல் ஐ.பி.எல். கிரிக்கெட் தொடங்கியது. டி.எல்.எஃப். என்ற கட்டுமான நிறுவனம் முதன்மை ஆதரவாளர். மட்டை அடிப்பவர் சிக்சர் அடித்தால், வர்ணனையாளர் சிக்சர் என்று சொல்வதற்குப் பதில் "டி.எல்.எஃப். மேக்சிமம்" என்றார். வர்ணனையே விளம்பரம் ஆகிவிட்டது. அதைப் பார்க்காமல் எழுந்து போக வழி இல்லை. போனால் ஆட்டமும் போய்விடும்.

எங்கள் மையத்தில் ஓர் அக்கா கேட்டார்: "நாம் சும்மாதானே பார்க்கிறோம் தம்பி? நமக்கு என்ன நஷ்டம்?" நல்ல கேள்வி. சோப்பு நிறுவனம் விளம்பரத்துக்குக் கொடுக்கும் பணம் சோப்பின் விலையில் சேர்கிறது. நாம் கடையில் கொடுக்கிறோம்.

சோப்பு என்றால் பரவாயில்லை. சாராயம் என்றால்?

நம் பக்கத்து நெல்லூர் மாவட்டத்தில் தூபகுண்டா என்று ஒரு கிராமம் உண்டு. அங்கே பெண்கள் அறிவொளி வகுப்புக்கு வந்தார்கள். நம்மைப் போலவே பாடப் புத்தகம் படித்தார்கள். குடியால் குடும்பம் கெட்ட கதை அதில் ஒரு பாடம். 'இது நம் வீட்டுக் கதை' என்றார்கள். ஊரில் சாராயக் கடையை மூட வைத்தார்கள். 1992-ல் இந்தப் போராட்டம் மாநிலம் முழுதும் பரவியது. 1993 அக்டோபரில் ஆந்திர அரசு சாராயத்தைத் தடை செய்தது. 1995-ல் முழு மதுவிலக்கு வந்தது. 1997-ல் அதைத் தளர்த்திவிட்டார்கள்.

மதுவையும் புகையிலையையும் தொலைக்காட்சியில் விளம்பரம் செய்யக் கூடாது. இது சட்டம். 1996 உலகக் கோப்பைக் கிரிக்கெட்டுக்கே 'வில்ஸ்' என்ற சிகரெட்டின் பெயர்தான். 2003-ல் வந்த சட்டம் சிகரெட் விளம்பரத்தைத் தடுத்தது. போட்டிகளுக்குச் சிகரெட் நிறுவனம் ஆதரவு தருவதையும் தடுத்தது. உடனே வேறு வழி கண்டுபிடித்தார்கள். மது பாட்டிலில் உள்ள அதே பெயர், அதே எழுத்து, அதே நிறம். ஆனால் விற்பது சோடா என்பார்கள். அல்லது பாட்டு சி.டி. என்பார்கள். அந்தப் பெயரிலேயே இசை விழாவும் நடத்துவார்கள். இதற்கு மறைமுக விளம்பரம் என்று பெயர்.

அலிபிரிச் சாவடியில் மலைக்குப் போகும் வண்டிகளை நிறுத்திச் சோதிக்கிறார்கள். மதுவும் சிகரெட்டும் மேலே போகக் கூடாது. பையைத் திறந்து பார்க்கிறார்கள். ஆனால் பையன் சட்டைப்பையில் இருக்கும் செல்போனில் ஒரு பாட்டு ஓடுகிறது. அந்தப் பாட்டு மதுவின் பெயரைச் சுமந்துகொண்டு மலையேறுகிறது. அதை எந்தச் சாவடியில் சோதிப்பது?

நாம்தான் சோதிக்க வேண்டும். எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றவர்களுக்கு இது கடினம் அல்ல. நிகழ்ச்சியின் தொடக்கத்தில் பெயர்கள் ஓடும். அவற்றைப் படியுங்கள். விளம்பரம் வேறு, நிகழ்ச்சி வேறு என்று தெளிவாகத் தெரிய வேண்டும் என்பது விதி. ஒரு மணி நேரத்தில் 12 நிமிடத்துக்கு மேல் விளம்பரம் கூடாது என்பதும் விதி. பொய் விளம்பரத்தை நம்பி ஏமாந்தால் 1915 என்ற எண்ணுக்குப் பேசலாம். அது நுகர்வோர் உதவி எண்.

பயிற்சி

1. இன்று இரவு ஒரு மணி நேரம் தொலைக்காட்சி பாருங்கள். கடிகாரத்தைப் பக்கத்தில் வையுங்கள். விளம்பரம் எத்தனை நிமிடம் வந்தது? கூட்டி எழுதுங்கள்.

2. கதை நடக்கும்போதே எந்தப் பொருளின் பெயர் தெரிந்தது? யார் கையில் இருந்தது?

3. சோடா என்றும் பாட்டு என்றும் சொல்லி வரும் பெயர்களில், மதுக்கடைப் பலகையிலும் உள்ள பெயர் எது? நாளை வகுப்பில் சொல்லுங்கள்.