வாசல்வரை வந்த பிள்ளை

கடற்கரைப் பங்கொன்றில் நான் பணியாற்றிய காலம். உயர்தரப் பரீட்சைப் பெறுபேறுகளுக்குப் பின் வெட்டுப்புள்ளிகளும் வெளியாகியிருந்தன. கருவாடு விற்றுப் பிழைக்கும் தாயொருத்தி குருமனைக்கு வந்தார். "சுவாமி, பிள்ளைக்குக் கம்பஸ் கிடைச்சிட்டுது. ஊரெல்லாம் சந்தோஷப்படுது. எனக்குத்தான் நித்திரை இல்லை" என்றார். அவர் பணம் கேட்கவில்லை. பிள்ளையை அனுப்புவதா, மறிப்பதா என்று கேட்டார்.

"இலவசக் கல்விதானே, ஏன் பயம்?" என்றேன். அவர் விரல்விட்டு எண்ணத் தொடங்கினார்: பேராதனைக்குப் பஸ் காசு, பெட்டி, உடுப்பு, போடிங் முற்பணம், முதல் மாதச் சாப்பாடு. அவர் எண்ணி முடித்தபோது எனக்குப் பதில் இருக்கவில்லை. அன்று அந்தத் தாயிடம் நான் கற்ற பாடமே இக்கட்டுரை.

இலவசம் எதுவரை?

கன்னங்கரா அவர்களின் முயற்சியால் 1945இல் பாலர் வகுப்பு முதல் பல்கலைக்கழகம் வரை நம் நாட்டில் கல்வி இலவசமாயிற்று. ஏழைக்கு அது பெரும் வரம். அரச பல்கலைக்கழகத்தில் இன்றும் விரிவுரைக்குக் கட்டணமில்லை. அனுமதியிலும் பின்தங்கிய மாவட்டங்களுக்கெனச் சில இடங்கள் ஒதுக்கப்படுகின்றன; மன்னார், முல்லைத்தீவு, நுவரெலியா முதலியன அவற்றுள் அடங்கும். ஆனால் விரிவுரை இலவசமானாலும் வயிறு இலவசமாய் நிறைவதில்லை.

இக்குறையை உணர்ந்தே 1981இல் மகாபொல புலமைப்பரிசில் நிதியம் சட்டமூலம் நிறுவப்பட்டது. வர்த்தக அமைச்சராயிருந்த லலித் அத்துலத்முதலி அதனை உருவாக்கினார். திறமைக்கும் குடும்ப வருமானத்துக்கும் ஏற்ப அது வழங்கப்படுகிறது. அது கிடைக்காத வறிய மாணவருக்குப் பேர்சரி என்னும் உதவிப்பணம் உண்டு. 2025ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் மகாபொல மாதம் 5,000 ரூபாவிலிருந்து 7,500 ரூபாவாக உயர்த்தப்பட்டது. முப்பது நாளுக்குப் பிரித்தால் நாளொன்றுக்கு 250 ரூபா. உணவு, வாடகை, நிழற்பிரதி, மருந்து எல்லாம் அதற்குள் அடங்குமா? அதுவும் முதல் தவணை கைக்கு வரச் சில மாதங்கள் செல்வதுண்டு. பிள்ளை தடுமாறுவது அந்த மாதங்களில்தான்.

பேசாத வறுமை

இன்னொரு பங்கில் ஓர் இளைஞன் முதலாம் ஆண்டிலேயே வீடு திரும்பினான். கேட்டதற்கு, "பாடம் பிடிக்கவில்லை" என்றான். நாமும் நம்பினோம். பகலுணவை விட்டுவிட்டு நாட்களை ஓட்டியிருக்கிறான் என்பதைப் பின்னரே அறிந்தோம். தோல்வி என்று சொல்ல அவனால் முடிந்தது. பசி என்று சொல்ல முடியவில்லை. அவனைப் பல்கலைக்கழகம் தள்ளிவிடவில்லை. அவன் போனபின் யாரும் அவனை விசாரிக்கவில்லை.

திருச்சபையின் போதனை

கிறிஸ்தவக் கல்வி பற்றி 1965இல் வெளியான சங்க ஏடு, திறமையிருந்தும் வசதி குறைந்த மாணவருக்கு, சிறப்பாகப் புதிதாய் எழும் நாடுகளைச் சேர்ந்தவருக்கு, உயர்கல்வியின் வாசல் எளிதில் திறக்கப்படவேண்டும் என்கிறது. இது தருமம் மட்டுமன்று, கடமையுமாகும். நம் பங்குகளில் இயங்கும் வின்சன் டி போல் சபையை 1833இல் பாரிஸ் நகரில் தொடங்கியவர்களும் பல்கலைக்கழக மாணவர்களே. அவர்களுள் ஒருவரான பிரெடெரிக் ஒசானாமுக்கு அப்போது வயது இருபது. மாணவர் தொடங்கிய சபை மாணவரை மறக்கலாமா?

நாம் செய்யக்கூடியவை

முதலாவது, விண்ணப்பம். கிராம அலுவலரின் உறுதிப்படுத்தல், வருமானச் சான்று, முடிவுத் திகதி ஆகியவற்றில் தவறினால் கிடைக்கவேண்டிய உதவியும் கைநழுவும். படிவம் நிரப்பத் தெரிந்த ஓர் ஆசிரியர் பங்குக்கு ஒருவர் போதும்.

இரண்டாவது, முதல் மாதங்களுக்கான ஒரு கைந்நிதி. பிள்ளை தொழில் பெற்றபின், இயன்றால், அடுத்த பிள்ளைக்காகத் திருப்பித் தரட்டும். வட்டி வேண்டாம், வற்புறுத்தலும் வேண்டாம்.

மூன்றாவது, ஒரு வீடு. கண்டியிலோ திருநெல்வேலியிலோ வந்தாறுமூலையிலோ நமக்கு உறவினர், அறிமுகமானோர் உண்டு. அவர்கள் வீட்டில் ஓர் அறையும் ஒருவேளைச் சோறும் பணத்தைவிடப் பெரிய உதவி.

நான்காவது, ஒரு விசாரிப்பு. மாதம் ஒருமுறை, "சாப்பிடுகிறாயா?" என்று கேட்க ஒருவர் வேண்டும்.

இறுதியாக, கொடுக்கும் முறை. வலக்கை செய்வதை இடக்கை அறியாதிருக்கட்டும் என்றார் ஆண்டவர். உதவி பெறும் பிள்ளையைப் பூசை முடிவில் எழுப்பி நிறுத்தி, கடித உறையோடு படம் எடுப்பதைத் தவிர்ப்போம். படிப்புக்காகத் தன் மானத்தை விலையாகக் கொடுக்கவேண்டிய நிலை எந்தப் பிள்ளைக்கும் வரலாகாது.

அந்தக் கருவாட்டுக்காரத் தாயின் மகள் பேராதனை சென்றாள். பெட்டி ஒரு வீட்டிலிருந்தும், பஸ் காசு இன்னொரு வீட்டிலிருந்தும் வந்தன. முதல் ஐந்து மாதச் சாப்பாட்டுச் செலவை ஏற்றவர் யாரென்று அவளுக்கு இன்றும் தெரியாது. எனக்குத் தெரியும், அவரும் ஒரு மீனவரே.

சிந்தனைக்கு:

1. நம் பங்கிலிருந்து இவ்வாண்டு பல்கலைக்கழகம் செல்வோர் எத்தனை பேர்? அவர்களின் பெயர் நமக்குத் தெரியுமா?
2. இடம் கிடைத்தும் போகாதவர், போய்த் திரும்பியவர் உண்டா? காரணத்தை யாராவது கேட்டோமா?
3. திருவிழாச் செலவில் ஒரு சிறு பகுதியை இதற்கு ஒதுக்க முடியாதா?