21 ஆண்டா, பாதியில் தொழிலா? படையில் சேர நினைக்கும் கூலாய் இளைஞர்களுக்கு

எஸ்.பி.எம். முடித்த பிள்ளை இராணுவத்தில் சேர்கிறேன் என்றால் வீட்டில் முதலில் எழுவது பென்சன் பேச்சுதான். மலேசிய இராணுவத்தில் 21 ஆண்டு முடித்தால் பென்சன். 18 வயதில் சேர்ந்தவருக்கு அப்போது 39 வயது. இடையில் வெளியேறினால் மாதப் பென்சன் இல்லை. இது பெரிய விஷயம்தான். ஆனால் இதை மட்டும் வைத்து முடிவெடுப்பவர்கள் இன்னொரு கேள்வியைக் கேட்க மறந்துவிடுகிறார்கள்: வெளியே வரும்போது கையில் என்ன தொழில் இருக்கும்?

படைக்கும் தொழிலுக்கும் உள்ள தொடர்பைப் பற்றி எழுதிய அமெரிக்கப் பொருளாதார அறிஞர் டிம் கேன் அந்நாட்டு விமானப்படையில் உளவுப்பிரிவு அதிகாரியாக இருந்தவர். புதிய தொழில்கள் எப்படி வேலைவாய்ப்பைப் பெருக்குகின்றன என்பதையும் ஆராய்ந்தவர். 2012இல் வெளிவந்த ‘பிளீடிங் டேலண்ட்’ நூலுக்காக அவர் வெஸ்ட் பாயிண்ட் இராணுவக் கல்லூரிப் பட்டதாரிகள் 250 பேரிடம் கருத்துக் கேட்டார். சிறந்த அதிகாரிகளில் பாதிப்பேரோ அதற்கு மேலோ முன்கூட்டியே விலகிவிடுகிறார்கள் என்றார்கள் 93 விழுக்காட்டினர். தொழில்முனைவோருக்கு வேண்டிய துணிவையும் முடிவெடுக்கும் திறனையும் படை வளர்க்கிறது. பிறகு பணிமூப்பை மட்டும் பார்த்துப் பதவி கொடுத்து, அதே ஆட்களை வெளியே தள்ளுகிறது என்பது கேனின் வாதம். 20 ஆண்டு இருந்தால்தான் ஓய்வுக்காலப் பலன் என்ற பழைய முறையை அமெரிக்கா 2018 ஜனவரியில் மாற்றியது. இப்போது இடையில் விலகுபவரும் அரசு செலுத்திய சேமிப்பில் பங்கை எடுத்துப் போகலாம்.

கடன் சுமையும் வயதான பெற்றோரும் உள்ள வீடென்றால் 21 ஆண்டை முடிப்பதே நல்லது. மாதாமாதம் பணம் வரும் நிலையில் 39 வயதில் கடை போட்டால், கடை தடுமாறினாலும் அடுப்பு எரியும்.

பத்துப் பன்னிரண்டு ஆண்டில் விலக நினைப்பவர் ஆயுதப்படைச் சேமநிதியான எல்.டி.ஏ.டி. கணக்கை இப்போதே புரிந்துகொள்ள வேண்டும். அதிகாரி அல்லாத படைவீரர் சம்பளத்தில் 10 விழுக்காடு பிடிக்கிறார்கள், அரசு 15 விழுக்காடு போடுகிறது. விலகும் நாளில் எந்தப் பகுதி கைக்கு வரும், எது பின்னால் வரும் என்பதைக் கையெழுத்திடும் முன் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சீக்கிரம் வெளியே வருவது எப்படியிருக்கும் என்பதற்கு இந்தியாவைப் பாருங்கள்: 2022இல் அறிவித்த அக்னிபத் திட்டத்தில் நான்கே ஆண்டு பணி. கால்வாசிப் பேர் வரைதான் நிரந்தரமாவார்கள், மற்றவர்கள் ஏறக்குறைய 11.71 லட்சம் ரூபாயோடு வீடு திரும்புவார்கள். கைத்தொழில் இல்லாமல் இருபதுகளில் திரும்புபவருக்கு அந்தப் பணம் எவ்வளவு நாள் நிற்கும்?

ஆகவே எத்தனை ஆண்டு என்பதைவிட எந்தப் பிரிவு என்பதில்தான் நான் பிடிவாதமாக இருப்பேன். வாய்ப்புக் கிடைத்தால் மின்சார, இயந்திரப் பிரிவையோ தகவல் தொடர்புப் பிரிவையோ கேளுங்கள். செடெனாக்கில் தரவு மையங்கள் எழுகின்றன. கரண்ட் போனதும் அங்கே டீசல் ஜெனரேட்டர் உடனே ஓட வேண்டும். பேட்டரி இறங்கியிருந்தாலோ எண்ணெய்க் குழாயில் காற்று புகுந்திருந்தாலோ அது கிளம்பாது. இருட்டில், மேலதிகாரி கடிகாரத்தைப் பார்த்தபடி நிற்க, ஃபில்டரைக் கழற்றிக் காற்றை வெளியேற்றிப் பழகியவருக்கு இந்த வட்டாரத்தில் வேலை உண்டு, குத்தகையும் உண்டு. நெடுஞ்சாலை லோரிப் பட்டறைகளுக்கும் செம்பனைத் தோட்ட இயந்திரங்களுக்கும் இதே கைதான் வேண்டும். ஆனால் எஸ்.கே.எம். என்ற மலேசியத் திறன் சான்றிதழும், மின் வேலைக்கு எரிசக்தி ஆணையத்தின் தகுதிச் சான்றும் இல்லாமல் பெரிய நிறுவனங்களின் வாசலைத் தாண்டுவது கடினம். சேவையில் இருக்கும்போதே இவற்றை வாங்கிவிடுங்கள். விலகும் காலத்தில் முன்னாள் படைவீரர் நலக் கழகமான பெர்ஹெபாட் தரும் மறுவாழ்வுப் பயிற்சியையும் விட வேண்டாம்.

படைக்கே போகாமல் நேரே தொழிலில் இறங்குவது தவறில்லை. அப்பாவின் பட்டறையோ மாமாவின் கடையோ இருந்தால் அதுவே பள்ளிக்கூடம். அப்படி எதுவும் இல்லாதவர், கட்டுப்பாடும் சம்பளமும் தரும் இடத்தில் முதலில் சில ஆண்டு தொழில் பழகுவது மேல்.

எந்த வழியில் வந்தாலும் கடைசிப் படிகள் ஒன்றுதான். நிறுவனப் பதிவு ஆணையமான எஸ்.எஸ்.எம்.மில் வணிகப் பெயரில் பதிய ஆண்டுக்கு 60 ரிங்கிட், சொந்தப் பெயரிலென்றால் 30. உரிமம் கூலாய் நகராண்மைக் கழகத்தில். முதலுக்கு இந்தியச் சமூகத்துக்கென்றே அரசின் தொழில்முனைவோர் நிதி நிறுவனமான தெக்குன் நடத்தும் ஸ்பூமி கடன் இருக்கிறது. கடன் கேட்கப் போகும்போது ஆறு மாத வரவு செலவை எழுதி எடுத்துப் போங்கள்.