இடாப்பைப் பார்த்தாயா, மகள்?

ஹட்டன்,
ஞாயிறு இரவு

அன்புள்ள மகள்,

ஞாயிறு பத்திரிகை எங்கள் பக்கத்துக்கு வந்துசேரப் பத்து மணியாகும். இன்று விடாத மழை, பதினொன்றரைக்குத்தான் வந்தது. முழுப்பக்கக் கட்டுரையில் உன் பெயரைப் பார்த்ததும் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். முதல் வரியிலேயே கழற்றி வைத்துவிட்டேன்.

"கொழுந்து பறித்த கைகள் இன்று பட்டம் ஏந்துகின்றன."

யாருடைய கைகள்? நீ எழுதிய ஆறு பாடசாலைகளில் எந்தப் பிள்ளை கொழுந்து பறித்தது? பறித்தது தாயின் கை. பட்டம் வாங்கப் போவது மகளின் கை. முப்பது வருஷம் மலையேறிய கையைத் தூக்கி இருபது வயதுப் பிள்ளையின் தோளில் ஒட்டிவிட்டால் வாசிக்க நன்றாகத்தான் இருக்கும். அந்தத் தாய்க்கு அதில் என்ன மிச்சம்? இந்த வரியை 1983இல் நானும் ஒருதரம் எழுதியிருக்கிறேன், அதனால்தான் இவ்வளவு எரிச்சல். உயர்தரப் பெறுபேறு வருகிற வாரமெல்லாம் எந்தப் பத்திரிகையைத் திறந்தாலும் அந்தக் கை வந்து நிற்கிறது. கூடவே "லயத்து இருளில் ஓர் ஒளிக்கீற்று". லயத்துக்குக் கரண்ட் வந்து எவ்வளவோ காலமாகிறது. பில்தான் கட்ட முடியவில்லை.

செய்தி சேகரிப்பது, அதிபர்மாரிடம் பேச்சுக் கொடுப்பது, யாருடைய பெயரைப் போடக்கூடாது என்பது, இதெல்லாம் உனக்கு நான் சொல்லித் தரத் தேவையில்லை. என் சண்டை உன் பக்கத்தின் நடுவிலே கட்டம் போட்டு வைத்திருக்கிற அந்த அட்டவணையோடு. இடதுபக்கம் ஆறு பாடசாலை, வலதுபக்கம் இந்த வருஷம் பல்கலைக்கழகம் தெரிவானோர் தொகை. மேலே 41, அடியில் 3. தலைப்பு: "மலையகத்தின் சிறந்த பாடசாலை எது?"

நாற்பத்தொரு பேர், எத்தனை பேரில்?

நீ தோட்டத்துப் பிள்ளை, தேயிலை ஸ்டோர் பார்த்தவள். ஒரு கிலோ தேயிலைக்குச் சுமார் நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து போகும் என்பது உங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. இன்றைக்கு ஆயிரம் கிலோ தூள் இறக்கினோம் என்று யாராவது பெருமையடித்தால் டீமேக்கர் கேட்கிற முதல் கேள்வி, கொழுந்து எவ்வளவு வந்தது என்பதுதான். பிள்ளைகளின் விஷயத்தில் மட்டும் அந்தக் கேள்வியை நாம் யாரும் கேட்பதில்லை. பாடசாலை வாசலில் பெனர் கட்டியாயிற்று, அதிலுள்ள படங்களை எண்ணி எழுதிவிட்டு வந்துவிடுகிறோம்.

இன்னொன்று. கொழுந்து மடுவத்தில் கணக்கப்பிள்ளை சாக்கு நிறை என்று கழிப்பார், மழைநாளில் தண்ணி நிறை என்று இன்னும் கொஞ்சம் கழிப்பார். அதற்காக நாம் போட்ட சண்டைகள் கொஞ்சமல்ல. ஆனாலும் அந்த மனிதர்கூட, கேட்ட கிலோ வராவிட்டால் அரைநாள் சம்பளத்துக்கு அரைப்பேராவது போடுவார். உன் அட்டவணையில் அரைப்பேரே கிடையாது. மூன்று பாடமும் சித்தியடைந்து வெட்டுப்புள்ளிக்குப் புள்ளி சைபர் சொச்சத்தால் தவறிய பிள்ளைக்கு நீ போட்டது பூச்சியம். நாடு முழுவதும் எடுத்துப் பார்த்தாலே, பல்கலைக்கழகத் தகுதி பெறுகிறவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்குத்தான் இடம் கிடைக்கிறது. மற்ற மூன்று பேரையும் அந்தப் பாடசாலைதானே படிப்பித்தது?

அடியில் வைத்தாயே, அந்த மூன்றுக்கு வருகிறேன். அது கலைப்பிரிவு மட்டும் உள்ள பாடசாலை, உன் கட்டுரையே சொல்கிறது. மேலே உள்ள 41இல் பெரும்பங்கு கணிதம், உயிரியல், வணிகம். அந்தப் பாடநெறிகளுக்கு ஆள் எடுப்பது எப்படி? 40 வீதம் அகில இலங்கைத் திறமைப்படி, 55 வீதம் மாவட்டச் சனத்தொகைப்படி, மிச்சம் 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. நுவரெலியாவும் பதுளையும் அந்தப் பதினாறில் இருக்கின்றன. கலைப்பிரிவுக்கு இந்த ஏணி கிடையாது. அங்கே அகில இலங்கைத் திறமை வரிசைதான். கொழும்புப் பிள்ளையோடும் யாழ்ப்பாணத்துப் பிள்ளையோடும் ஒரே வரிசையில் நின்று அந்த மூன்று பேரும் இடம் பிடித்திருக்கிறார்கள். ஏணியில் ஏறியவர்களையும் பாறையைப் பிடித்து ஏறியவர்களையும் ஒரே கட்டத்தில் போட்டு, பாறையில் ஏறியவர்களைக் கடைசியில் நிறுத்தியிருக்கிறாய். ஏணியைக் குறை சொல்லவில்லை, அது இல்லாவிட்டால் நம்மிலிருந்து எத்தனை வைத்தியர்கள் வந்திருப்பார்கள்? எண்ணை எழுதும்போது ஏணியையும் எழுது என்கிறேன்.

அந்த ஏணிக்காகவே வேறு மாவட்டத்துப் பிள்ளைகளை இங்கே கொண்டுவந்து பதிந்து பரீட்சை எழுதவைத்த கதையும், அதற்கு எதிராக நடந்த ஆர்ப்பாட்டங்களும் உனக்குத் தெரியும். அதை நீட்டவில்லை. "நமது பிள்ளைகள்" என்று எழுதும்போது ஒருதரம் பேனாவை நிறுத்திவிட்டு எழுது.

மாவட்டம் என்று சொல்லும்போதும் ஒன்று. வலப்பனைக் கிராமங்களும் ஹங்குராங்கெத்தைக் கிராமங்களும் நுவரெலியா மாவட்டம்தான். மாவட்டக் கோட்டா தோட்டத்துக்கு என்று தனியாக வருவதில்லை. அமைச்சர்மார் மேடையில் மறந்துபோகிற விஷயம் இது. நீ மறக்கலாமா?

பெரிய எண் எப்படிச் செய்யப்படுகிறது என்பதை ஒருதரம் பக்கத்திலிருந்து பார்த்தேன். எந்தப் பாடசாலை என்று எழுதமாட்டேன். நான் அங்கே சும்மா ஒரு பெற்றோராகப் போயிருந்தேன். உயர்தரம் இரண்டாம் வருஷத்தில் தவணைப் பரீட்சையில் புள்ளி குறைந்த பிள்ளைகளின் தாய் தகப்பனை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, "பிள்ளையை பிரைவேட்டா எழுதச் சொல்லுங்க" என்றார்கள். தனிப்பட்ட பரீட்சார்த்தியாக எழுதினால் பாடசாலையின் வீதத்தில் அது வராது. தோட்டத்திலிருந்து வந்த ஒரு தகப்பன் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, "சரிங்க சேர், சரிங்க சேர்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்து என்னிடம், "பிரைவேட்டுன்னா கூடுதல் காசு கட்டணுமா ஐயா?" என்று கேட்டார். அந்த வருஷம் அந்தப் பாடசாலைக்கு நல்ல வீதம். பெனர் பிரதான பாதை வரைக்கும் கட்டியிருந்தார்கள்.

இது நம் ஊருக்கு மட்டுமான வியாதி என்று நினைத்துக்கொள்ளாதே. டொரன்டோவில் இருக்கிற என் மருமகன் இந்த விஷயத்தில் என்னைவிடப் பைத்தியம், அவர் சொன்னது இது. அமெரிக்காவில் அரசாங்கக் காசில் தனி நிர்வாகம் நடத்துகிற பள்ளிகள் உண்டு, சார்ட்டர் பள்ளி என்பார்கள். சிக்காகோவில் கறுப்பினப் பையன்களுக்கான அர்பன் பிரெப் என்ற பள்ளி, 2010இல் தன் முதல் அணி 107 பேருக்கும் கல்லூரி இடம் கிடைத்தது என்று அறிவித்தது. நூற்றுக்கு நூறு. நாடே கைதட்டியது. அந்த அணி 2006இல் ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்தபோது அதைவிடப் பெரிதாக இருந்தது என்று பிறகுதான் சிலர் சொன்னார்கள். கிப் என்ற இன்னொரு சார்ட்டர் பள்ளிக் கூட்டம் 2011இல் வேறுமாதிரி ஒன்று செய்தது. பத்து வருஷத்துக்கு முன் தங்களிடம் எட்டாம் வகுப்பு முடித்த பிள்ளைகளை ஒவ்வொருவராகத் தேடி, கல்லூரியில் இடம் கிடைத்ததை விட்டுவிட்டு நாலு வருஷப் பட்டத்தை முடித்தார்களா என்று எண்ணினார்கள். 33 வீதம். அதைத் தாங்களே அச்சடித்து வெளியிட்டார்கள். ஏழைப் பிள்ளைகளுக்கு அது அந்த நாட்டில் நல்ல கணக்குத்தான். ஆனால் 33 என்று பெனர் அடிக்க நம் பக்கத்தில் யாருக்குத் துணிவு இருக்கிறது?

எட்டாம் வகுப்பிலிருந்து எண்ணுவது என்றதும் எனக்குப் பள்ளிக்கூட இடாப்பு ஞாபகம் வருகிறது. கிழவன் தொடங்கிவிட்டான் என்று நீ சிரிப்பாய், சிரி.

1979இல் பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலைக்கு வாத்தியாராகப் போனேன். இலவசக் கல்வி 1945இல் வந்தது, நம் தோட்டப் பள்ளிக்கூடங்களை அரசாங்கம் கையேற்கத் தொடங்கியது 1977இல்தான். எங்களுடைய முறை அப்போது இன்னும் வரவில்லை. பிள்ளை மடுவத்துக்குப் பக்கத்தில் ஒரே மண்டபம், ஐந்து வகுப்பு, நான் ஒருவன். மழை பெய்தால் தகரத்துச் சத்தத்தில் பாடம் கேட்காது, எழுத்து வேலை கொடுத்துவிட்டு நான் சேர்வு இடாப்பைத் திருத்திக்கொண்டிருப்பேன். விலகிய பிள்ளையின் பெயரைச் சிவப்பு மையால் அடித்து, கடைசி நிரலில் காரணம் எழுத வேண்டும். அந்த வருஷங்களில் ஒரு பக்கத்தைத் திருப்பினால் "இந்தியா", "இந்தியா", "இந்தியா" என்று வரிசையாக இருக்கும். சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் குடும்பம் குடும்பமாக அள்ளிக்கொண்டு போனது. ஹட்டன் ஸ்டேஷனில் தலைமன்னாருக்குப் புறப்படுகிற ஒப்பாரிக் கோச்சியில் என் நாலாம் வகுப்பில் பாதியை ஏற்றிவிட்டு வந்திருக்கிறேன். 1984இல் தலைமன்னார்க் கப்பல் நின்றபிறகுதான் அந்தச் சொல் இடாப்பிலிருந்து நின்றது.

இந்தியா போகாத பிள்ளைகளும் அடிபட்டார்கள். ஒரு பையன், பெயர் வேண்டாம். பன்னிரண்டு வயது. பெருக்கல் கணக்கை வாயாலேயே போடுவான், நான் கரும்பலகையில் போட்டு முடிப்பதற்குள் விடை வந்துவிடும். ஒரு திங்கட்கிழமை வரவில்லை. புறக்கோட்டையில் ஒரு கடைக்குக் கொண்டுபோய் விட்டுவிட்டார்கள் என்று அவன் தங்கச்சி சொன்னாள். நான் லயத்துக்குப் போய்க் கேட்டிருக்கலாம், கங்காணியிடம் பேசியிருக்கலாம். சிவப்புப் பேனாவை எடுத்தேன். கடைசி நிரலில் "சுயவிருப்பம்" என்று எழுதினேன். அப்படித்தான் எல்லோரும் எழுதுவார்கள், பரிசோதகர் கேள்வி கேட்கமாட்டார்.

ஆறு வருஷம் கழித்து விடுகைப் பத்திரம் வேண்டும் என்று அவனே வந்து நின்றான். மீசை வந்திருந்தது. இடாப்பைப் பார்த்து எழுதிக் கொடுத்தேன். விலகியதற்கான காரணம்: சுயவிருப்பம். அவன் நின்றபடியே வாசித்தான், நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தான். "சேர் எழுத்து இன்னும் அதே மாதிரி அழகா இருக்கு" என்றான்.

ஆகையால் உன்னைக் கேட்கிறேன். அந்த ஆறு பாடசாலைகளுக்கும் போனாயே, ஒன்றிலாவது இடாப்பைக் கேட்டாயா? இந்த வருஷம் உயர்தரம் எழுதியவர்கள் தரம் 6இல் எத்தனை பேராக இருந்தார்கள்? தரம் 9க்குள் எத்தனை பெயர் அடிபட்டது, என்ன காரணம் எழுதியிருக்கிறது? அதற்கும் கீழே, தரம் 5 வரை மட்டும் உள்ள தோட்டப் பாடசாலைகள் இருக்கின்றனவே, அந்த 41 பேரில் பலர் அங்கிருந்துதானே வந்தார்கள்? 2014, 2015 பக்கம் மாதம் 6000 ரூபாவுக்கு ஆசிரியர் உதவியாளர்கள் என்று நம் பிள்ளைகளையே போட்டார்கள். கொழுந்து மலைக்குப் போயிருந்தால் அதைவிடக் கூடக் கிடைத்திருக்கும். இன்றைக்குப் பல்கலைக்கழகம் போகிறவர்களுக்குக் கூட்டல் கழித்தல் சொல்லிக்கொடுத்தது அவர்கள். எந்த பெனரிலும் அவர்கள் படம் இல்லை. சரி, இதற்கு மேல் போனால் இரத்த அழுத்தம் கூடும்.

இவ்வளவு திட்டிவிட்டேன். இனி உண்மையைச் சொல்கிறேன். உன் கட்டுரையின் கடைசிக்கு முந்திய பந்தியை என் மனைவிக்குச் சத்தமாக வாசித்துக் காட்டினேன். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவான அந்தப் பிள்ளைக்காகத் தகப்பன் ஹட்டன் டவுனில் சூட்கேஸ் வாங்குகிறார். கூடவே சின்னதாக ஒரு பூட்டு. இரண்டு சாவி. ஒன்றை மகளிடம் கொடுக்கிறார், மற்றதைத் தன் அரைஞாண் கயிற்றில் முடிந்துகொள்கிறார். நீ அதற்கு விளக்கம் ஒன்றும் எழுதவில்லை, அடுத்த வரிக்குப் போய்விட்டாய். மகள், நாற்பது வருஷம் பத்திரிகைக்கு எழுதிய எனக்கு அப்படி ஒரு சாவி கையில் கிடைத்ததில்லை. கிடைத்திருந்தாலும் மூன்று வரியில் அழுது கெடுத்திருப்பேன். எழுத்தாளர் தெளிவத்தை ஜோசப் இருந்திருந்தால் இந்தப் பந்தியை வெட்டியெடுத்து அவருக்கு அனுப்பியிருப்பேன். என் மனைவி ஒன்றும் சொல்லாமல் எழுந்து தேத்தண்ணி போடப் போனாள், அவள் அப்படிப் போனால் அழுகிறாள் என்று அர்த்தம்.

கைகளில் தொடங்காதே. அந்தப் பூட்டில் தொடங்கு. கட்டத்தைத் தூக்கி எறி, அல்லது எத்தனை பேர் எழுதினார்கள், தரம் 6இல் எத்தனை பேர் இருந்தார்கள் என்று இன்னும் இரண்டு நிரல் சேர்த்துப் போடு. இரண்டாவது, மூன்றாவது பாடசாலைகளின் அதிபர்கள் என்னிடம் படித்தவர்கள், இடாப்பைக் காட்டச் சொல்லி நான் கோல் எடுத்துச் சொல்கிறேன். முதலாவது பாடசாலையில் காட்டமாட்டார்கள். அதையும் எழுது.

அன்புடன்,
உன் சேர்

பி.கு.: மஸ்கெலியா நுவரெலியா கல்வி வலயத்தில் இல்லை, ஹட்டன் வலயத்தில் இருக்கிறது. இரண்டு இடத்தில் பிழையாகப் போட்டிருக்கிறாய்.