ஆவணப்படமும் கமுதி வெயிலும்

ஆவணப்படம் என்றவுடன் சிங்கம், புலி, பனிக்கரடி என்றுதான் நம்மில் பலருக்கு ஞாபகம் வரும். சுற்றுச்சூழல் படங்களுக்கு வேறு வேலையும் உண்டு. கர்நாடகத்தின் குதிரேமுக் மலையில் இரும்புத்தாது வெட்டி எடுத்தார்கள். அந்தச் சேறு பத்ரா ஆற்றில் கலப்பதைச் சென்னையைச் சேர்ந்த சேகர் தத்தாத்ரி 2001-இல் படமெடுத்தார். சின்னப் படம்தான். 2002-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது, 2005 முடிவோடு சுரங்கம் நின்றது. படம் மட்டுமே அதை நிறுத்திவிட்டது என்றால் அது சினிமாக் கதை. வழக்குப் போட்டவர்கள் உழைப்பு பெரிது. மலைமேல் நடந்ததை ஊர்க்காரர் கண்முன் கொண்டுவந்தது படம்.

இப்ப நம்ம ஊருக்கு வருவோம். கமுதி சோலார் நிலையம் 2016 செப்டம்பரில் முடிந்தது. அதானி நிறுவனத்தினுடையது. 648 மெகாவாட், சுமார் 2,500 ஏக்கர், 25 லட்சம் பேனல். அன்றைக்கு ஒரே இடத்தில் அமைந்தவற்றில் உலகிலேயே பெரியது என்றார்கள். இதைப் பற்றி நான் பார்த்த வீடியோக்கள் பெரும்பாலும் வானத்திலிருந்து எடுத்தவை. நீலக் கடல் மாதிரி இருக்கும். மின்னியல் படிக்கிற எனக்கும் பெருமைதான்.

எங்க அப்பா கரிமூட்டம் போடுறவர். குடும்பத்திலேயே பாலிடெக்னிக் வாசல் மிதித்த முதல் ஆள் நான். செல்போனில் அப்படியொரு வீடியோவை அவருக்குக் காட்டினேன். முழுசாப் பார்த்துட்டு, "ராத்திரிக்கு என்னப்பா பண்ணுவாங்க?" என்றார். வீடியோவில் அதற்குப் பதில் இல்லை!

648 என்பது நல்ல வெயிலில் கிடைக்கும் உச்ச அளவு. சாயங்காலம் குறைந்து, இருட்டினால் சுழியாகிவிடும். பகலும் இரவும் மேகமும் சேர்த்து ஆண்டுச் சராசரி பார்த்தால், சோலாரில் உச்ச அளவில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் வரும். ராத்திரிக்கு அனல், நீர், காற்று, அணு மின்சாரம் வேண்டும், இல்லையென்றால் பேட்டரி வேண்டும். ஆகவே 648 மெகாவாட் சோலாரையும் 648 மெகாவாட் அனல் நிலையத்தையும் சமமாகக் காட்டுகிற படம் பாதி உண்மைதான் சொல்கிறது. புகையில்லை, நிலக்கரி வேண்டாம் என்பது மீதிப் பாதி. அதையும் மறைக்கக் கூடாது.

இன்னொன்று, 'தரிசு' என்ற வார்த்தை. நம்ம பக்கம் தரிசு என்று எழுதுகிற நிலத்தில்தான் ஆடு மேயும், கரிமூட்டத்துக்கு விறகு வெட்டுவார்கள். சீமைக்கருவேலம் பொல்லாத மரம்தான், ஆனால் எங்க வீட்டு உலை கொதித்தது அதனால்தான். பேனலில் தூசி படிந்தால் உற்பத்தி குறையும். துடைப்பது தண்ணீராலா, உலர்ந்த பிரஷ்ஷாலா? தண்ணீர் என்றால் எந்தத் தண்ணீர்? குடத்தோடு அலையும் மாவட்டத்தில் படம் எடுப்பவர் இதைக் கேட்காமல் வரக்கூடாது. பேனலுக்கு ஆயுள் சுமார் 25 வருஷம். பழசானால் அது மின்னணுக் கழிவு. 2022-ஆம் ஆண்டு விதிகளில் சோலார் பேனலையும் சேர்த்திருக்கிறார்கள்.

நம்மில் யாராவது படம் எடுத்தால் செல்போன் போதும், ஐந்து நிமிடம் போதும். டிரோனைத் தேட வேண்டாம். அனுமதி வாங்கி, வேலிக்கு வெளியே சாயங்காலம் ஐந்தரைக்கு நில்லுங்கள். ஆடு திரும்பும் நேரம் அது, உற்பத்தியும் இறங்கிக்கொண்டிருக்கும். பொட்டல்காட்டுக் காற்று பேச்சை அமுக்கிவிடும், மைக்கில் துணி சுற்றிக்கொள்ளுங்கள்.