மயிலாடியிலிருந்து பாளையம் வரை: மட்டீர் நினைவாலயம்

"தாத்தா, நாம இங்கே வெளியூர்க்காரங்களா?" என்று என் பேரன் கேட்டான். பாளையத்தில் எல்.எம்.எஸ். வளாகத்துக் கருங்கல் ஆலயத்தைக் காட்டி அவனுக்குச் சொன்னதையே இங்கு எழுதுகிறேன்.

இதன் வேர் இன்றைய குமரி மாவட்டத்து மயிலாடியில் இருக்கிறது. அவ்வூர் வேதமாணிக்கம் கேட்டுக்கொண்டதன் பேரில், லண்டன் மிஷன் சங்கத்தின் ரிங்கல்தௌபே 1806-இல் திருவிதாங்கூருக்கு வந்தார். 1809-இல் மயிலாடியில் ஆலயம் எழுந்தது. அந்த ஊழியம் 1838-இல் ஜான் காக்ஸ் மூலம் திருவனந்தபுரத்தில் நிலைகொண்டது. பின்னர் இங்கு பணிபுரிந்த சாமுவேல் மட்டீர் (1835-1893), திருவிதாங்கூர் மக்களின் வாழ்க்கையை 1871, 1883-ஆம் ஆண்டுகளில் வெளியான நூல்களில் பதிவு செய்தார். அவர் நினைவாக 1906-இல் இவ்வாலயம் திறக்கப்பட்டது.

ரயில் பாலங்களோடு காலம் கழித்தவன் நான். என் கண் முதலில் வளைவுகளில்தான் நிற்கும். அரைவட்ட வளைவு சுவரைப் பக்கவாட்டில் அதிகம் தள்ளும். கூர்வளைவில் அந்தத் தள்ளல் குறைவு. பாரம் பெரும்பாலும் கீழ்நோக்கி இறங்கும். கோதிக் கட்டடக் கலையின் சூட்சுமம் இதுவே. இந்நகருக்கு ரயில் வந்ததோ 1918-இல்தான். அதற்கு 12 ஆண்டுகள் முன்பே இத்தனை கல்லையும் கொண்டு வந்து அடுக்கியிருக்கிறார்கள்!

1947-இல் இச்சபை தென்னிந்தியத் திருச்சபையில் இணைந்தது. 1956-இல் மாநில எல்லை பிறந்தது. 1959-இல் தென்திருவிதாங்கூர் பேராயமும் கன்னியாகுமரி, தென்கேரளம் என இரண்டாயிற்று. எல்லை பிந்தி வந்தது, உறவு முந்தியது.

பெற்றோர்களே, ஒரு மாலை பிள்ளைகளை இங்கு அழைத்து வாருங்கள். வளைவுகளை எண்ணச் சொல்லுங்கள். மயிலாடியின் பெயரையும் சொல்லிக் கொடுங்கள்.